அறுநூற்று ஐம்பத்து மூன்று

"அம்பத்தெட்டெல்லாம் ஒரு மார்க்கா ஆத்தா? எம் பேரனே கணக்குல அறுபது வாங்கிட்டான்," என்றார் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் முத்துராமலிங்கம், எதிரே இருந்த பிலோமினாவிடம்.

மேஜையில் மூன்று கவாத்துக் கத்தரிகள் கிடந்தன. சிவப்புப் பிடி, பச்சைப் பிடி, கறுப்புப் பிடி. பக்கத்தில் மூன்று கொட்டேஷன்கள். திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து எடுக்க இன்னும் மூன்று வாரம்தான். அதற்குள் சங்கத்து உறுப்பினர்களுக்கு முந்நூறு கத்தரி வேண்டும்.

கத்தரி அலகின் கடினம் எவ்வளவு என்று கொட்டேஷனில் எழுதியிருந்தது. பிலோமினாவின் கத்தரிக்கு 58. திண்டுக்கல் கம்பெனிக்கு 80. கோயம்புத்தூர் கம்பெனிக்கு 653.

ராயப்பன்பட்டியில் பிலோமினாவின் பட்டறை இரண்டு மாதமாக அரை நாள்தான் ஓடியது. இந்த ஆர்டர் வராவிட்டால் சாணை பிடிக்கும் நாலு பேரை நிறுத்த வேண்டும். காலையில் அவர்களிடம் நல்ல சேதியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஐயா, மூணும் ஒண்ணுதான். அளக்குற விதம்தான் வேற."

பொறுமையாக விளக்கினாள். ராக்வெல் முறையில் வைர முனையை உருக்கில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதிக எடை வைத்து அழுத்தினால் சி அளவு, குறைந்த எடை என்றால் ஏ அளவு. சி அளவில் 58 வரும் உருக்கு ஏ அளவில் 80 வரும். விக்கர்ஸ் முறையில் ஆழம் பார்ப்பதில்லை. முனை பதிந்த தடத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எவ்வளவு பெரிது என்று அளப்பார்கள். அதில் அதே உருக்கு 653.

"அப்ப விக்கர்ஸுதான் பெரிய கம்பெனின்னு சொல்லு," என்றார் தலைவர்.

"கம்பெனி இல்லைங்கய்யா, அளவு. உங்க தோட்டம் எவ்வளவு?"

"ரெண்டு ஏக்கர்."

"சென்ட்ல சொன்னா எரநூறு. அதுக்காகத் தோட்டம் பெருசாயிருமா?"

தலைவர் யோசித்தார். "பெருசாகாது. ஆனா எரநூறுன்னு சொல்லும்போது கேக்க நல்லாத்தான் இருக்கு."

செயலாளர் விஜய்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிலோமினா உள்ளூர்க்காரி, விலையும் குறைவு என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். தலைவர் காதில் வாங்கவில்லை. அறுநூறுக்கு மேல் இருக்கிற சரக்கு விலை கூடத்தான் இருக்கும் என்றார்.

பிலோமினா கொண்டுவந்திருந்த திராட்சைக் கொடியை எடுத்தாள். மூன்று கத்தரியாலும் வெட்டிக் காட்டினாள். மூன்றும் ஒரே மாதிரி வெட்டின. தலைவரும் வாங்கி வெட்டிப் பார்த்தார். கறுப்புப் பிடிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"இது வெண்ணெயா எறங்குது பாரு. அறுநூத்தி அம்பத்து மூணுல்ல."

"மூணும் அப்படித்தான் எறங்கும். வேணும்னா எழுதித் தாரேன்."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டிக்காரன் சரக்குக்கு இப்படி ஜாமீன் நிக்கிற ஆள இப்பத்தான் ஆத்தா பாக்குறேன். நல்ல மனசு. ஆனா சங்கத்துக்கு நம்பரு முக்கியம்."

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் கோயம்புத்தூர் கம்பெனிக்கு. வருகிற வருஷம் கொஞ்சம் மார்க்கைக் கூட்டிக்கொண்டு வரும்படி பிலோமினாவுக்கு ஆறுதலும் சொன்னார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். விஜய்பாண்டி பின்னாலேயே ஓடி வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினார்.

"மூணு கொட்டேஷன் இல்லாம ஃபைல் நகராது, மத்த ரெண்டையும் நீயே கொண்டாந்துருன்னுதான சொன்னேன். அதுல எதுக்கு வேற வேற நம்பரு?"

"மூணும் நம்ம பட்டறைக் கத்தரியாச்சேண்ணே. ஒரே நம்பரா போட்டா தெரிஞ்சு போகுமேன்னு, ஒண்ணு ஒண்ணுக்கும் ஒரு அளவுல போட்டேன்."

"இப்ப இல்லாத கோயம்புத்தூர் கம்பெனிக்கு நான் எங்க போக?"

அந்தப் பேரிலேயே, தன் விலைக்கே கத்தரி கொடுப்பதாக அவரிடம் சொல்லிவிட்டு, பிலோமினா கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிராதீக, வேலை வந்துருச்சு. அப்படியே பெயின்டர வரச்சொல்லி, நம்ம வாசல்ல கோயம்புத்தூர் கம்பெனின்னு ஒரு போர்டு எழுதுங்க... கீழ சின்னதா, ராயப்பன்பட்டி கிளை."