மூக்கில்லாத முப்பத்தேழு

"யாருக்கும் தெரியாம நீதானே தீனி போட்டே?" என்றாள் மோர்னா.

விலியாமி வாயிலிருந்த ரொட்டியை அவசரமாக விழுங்கினான். "யாருக்கு?"

"திரையில பாரு. மூக்கே இல்லாதது முப்பத்தேழு. பட்டினியில எப்பவோ செத்திருக்கணும். கொழுகொழுன்னு திரியுது!"

நியூசிலாந்தின் டுனீடினில் இருந்த அந்த மோப்ப ஆய்வகத்தின் கணினிக்குள் ஒரு சிற்றுலகம் இயங்கியது. அதில் புள்ளி புள்ளியாய் உயிர்கள். தீனியை முகர்ந்து தேடுபவை பிழைக்கும். முகர முடியாதவை மடியும். மோப்பம் எப்படி வளர்ந்தது என்பதை அறிய மோர்னா வகுத்த உலகம் அது. நிரல் எழுதியவன் விலியாமி.

"எங்கம்மா மேல சத்தியமா நான் எதையும் தொடல."

"ஞாயித்துக்கிழமை, ஆளில்லாத நேரத்துல?"

"ஞாயித்துக்கிழமையா? எங்க டோங்கா தீவுல அன்னிக்கு வேலை பார்க்கறதே பாவம். நான் பார்த்தா எங்கம்மா செருப்பாலயே அடிப்பா!"

மோர்னா சிரிக்கவில்லை. அவனைப் பணியிலிருந்து நீக்கக் கோரும் கடிதத்தை முன்பே எழுதி வைத்திருந்தாள்.

"ஏமாத்துக்காரங்களோட என்னால வேலை செய்ய முடியாது. நாலு மணிக்குப் பேராசிரியர் வருவார். அதுக்குள்ள காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா லெட்டர் அவர் கைக்குப் போயிடும்."

மூக்கில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பதிவை இருவரும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் முறையும் விளங்கவில்லை.

மூன்றாம் முறை விலியாமி துள்ளினான். "அட! மூக்கு இருக்கறது தீனி கிடைச்சதும் நின்னு தின்னுது. இது அதைப் பாத்துட்டு அங்க போய் ஒட்டிக்குது. ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்கத்தானே கண்ணு வச்சோம்? அதை வச்சே பொழைச்சுக்குது!"

மோர்னாவின் முகம் வெளுத்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். திங்கட்கிழமைதோறும் வாசனைப் புட்டிகளை எல்லாரும் முகர்ந்து மதிப்பெண் எழுதுவது அங்கே வழக்கம். எதிரே அமரும் விலியாமியின் முகத்தைப் பார்த்தே அவள் எழுதிவந்தாள்.

கடிதத்தை அழித்தாள்.

"ஒண்ணு மட்டும் புரியல," என்றாள் மெல்ல. "தின்னு முடிச்ச பிறகும் மூக்கு இருக்கறதுல சிலது நகராம நிக்குதே, மூக்கில்லாதது வந்து சேர்ற வரைக்கும். அடுத்த தீனியை விட்டுட்டு நிக்கறதுல அதுக்கு என்ன லாபம்?"

விலியாமி தலையைச் சொறிந்தான். "அது ஏன்னு எனக்கும் புரியல."

பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆனா மோர்னா, மூணு வருஷமா திங்கக்கிழமையானா நான் மூஞ்சியை அப்படி அஷ்டகோணலாக்கறது எதுக்குன்னு நெனச்சீங்க?"