நாற்பத்துநாலாம் இலக்கச் சப்பாத்து

வீட்டுக் கதவுக்கு உள்பக்கம், வலது சுவரோரம், ஆண்கள் போடும் சப்பாத்து ஒரு சோடி. மண்ணிறம். நாற்பத்துநாலாம் இலக்கம்.

"நானும் பிள்ளையும் மட்டும்தான்" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாடகையும் சாப்பாட்டுக் காசும் அரசாங்கத்திடம் வாங்குகிற சிவகௌரியின் வீடு அது.

வீடு பார்க்க வந்த அதிகாரி லிண்டமன் குனிந்து சப்பாத்தைப் படம் எடுத்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. யாரோ மொட்டைக் கடிதம் போட்டதால் வந்திருக்கிறார்.

கூட வந்தவர் சந்திரமௌலி. கோயில் நிர்வாகசபைச் செயலாளர். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் உள்ள தமிழர்களில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டுமென்றால் எந்த அலுவலகமும் முதலில் அவரைத்தான் கூப்பிடும். இந்த மாதிரி நேரத்தில் நம்மவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

விருப்பமில்லை என்றால் உள்ளே விட மறுக்கலாம் என்று லிண்டமன் வாசலிலேயே சொன்னார். சந்திரமௌலி அதை, "விடுங்கோ தங்கச்சி, மறிச்சால் பிரச்சினை பெரிசாகும்" என்று தமிழில் சுருக்கினார். சிவகௌரி விலகி வழிவிட்டாள். இடுப்பில் மூன்று வயது மகள்.

புருசன் இன்னொருத்தியோடு போய் இரண்டு வருசம். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் கடையில் பாண் வாங்கும் அளவுக்குத்தான். சொந்தம் என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. ஊர் வாய் மட்டும் இருந்தது.

குளியலறையில் பெரிய பல் பிரஷ் ஒன்று, சின்னது ஒன்று. அலுமாரியில் ஆண்கள் உடுப்பு இல்லை. கட்டிலில் இரண்டு தலையணை, ஒன்று பிள்ளையுடையது. லிண்டமனுக்கே குழப்பமாக இருந்தது. மறுபடி வாசலுக்கு வந்து சப்பாத்தைக் காட்டினார்.

"இது ஆற்றை சப்பாத்து எண்டு கேக்கிறா" என்றார் சந்திரமௌலி.

"நான்தான் வாங்கினனான். பழைய சாமான் சந்தையில."

தனியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு ஆண்கள் சப்பாத்து? கேட்டால் யாரும் சிரிப்பார்கள். லிண்டமன் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து வாசித்தார். கதவுக்கு உள்ளே, வலது பக்கம், மண்ணிறச் சப்பாத்து இருக்கிறது, அதற்குரிய ஆளும் அங்கேயே இருக்கிறான் என்று நாலே வரி. சந்திரமௌலி அதை ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னார்.

நம்பும்படி ஒரு காரணம் சொன்னால் எழுதிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து உதவி நின்றுவிடும், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள் என்றார் லிண்டமன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ தங்கச்சி. நான் பக்குவமாச் சொல்லிவிடுறன்."

சிவகௌரி அப்போதுதான் சந்திரமௌலியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுறன் அண்ணை. படிவம் நிரப்பித் தாறன் எண்டு ஒருத்தர் வந்தவர். நிரப்பி முடிஞ்ச பிறகும் வந்து வந்து கதவைத் தட்டினவர். வீட்டில ஆம்பிளை இருக்கெண்டு நினைச்சாவது போகட்டும் எண்டு இதை வாங்கி வைச்சனான். படிக்கட்டில ஒண்டும் வைக்க வீட்டுக்காரன் விடான், அதால உள்ளுக்கு வைச்சனான். அடுத்த முறை தட்டேக்க சங்கிலியைக் கழட்டாமல் நாலு விரல் அளவுக்குத்தான் திறந்தனான். சப்பாத்தைக் கண்டதும் திரும்பிப் போயிட்டார்."

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுக்குப் பிறகு இந்தக் கதவடிக்கு ஒருத்தரும் வரேல்லை. அப்ப கடிதம் எழுதினது ஆரெண்டு இப்பதான் விளங்குது. ஒரு சொல்லும் விடாமல் அவவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. அந்த ஆள் நீங்கள்தான் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

லிண்டமன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவ்வளவு நேரம் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

சிவகௌரி அந்த வெள்ளைக்கார முகத்தையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு நல்ல ஜெர்மனில், வருத்தமான குரலில் சொன்னார்:

"ஆள் இருக்கிறது உண்மைதானாம். பெயரை மட்டும் சொல்ல மாட்டாளாம்."