கறுக்காத மகரந்தம்

விஞ்ஞான அறையின் உடைந்த யன்னலால் வரும் காலை வெயிலை ஞானமலர் டீச்சர் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் பிடித்துத் திருப்புகிறார். புஸ்பம் ஈரச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்த நெற்பூக்களின் மகரந்தம் ஒரு சொட்டு அயடீனில் கிடக்கிறது. உள்ளே மாப்பொருள் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு மகரந்தத் துகளும் மைபோலக் கறுக்க வேண்டும். கதிர் தாளுக்குள் இருந்த நாட்களில்தான் சண்டை மூண்டது. குளத்து மதகைத் திறக்க யாரும் போகவில்லை, வயல் இருபது நாள் காய்ந்தது. டீச்சர் தகட்டை நகர்த்துகிறார், இன்னும் நகர்த்துகிறார். எல்லாம் வெளிறிய மஞ்சள், சுருங்கிய வெறுங்கூடுகள். “கறுத்திருக்கா டீச்சர்?” என்கிறாள் புஸ்பம். “இல்ல புஸ்பம். ஒண்டும் கறுக்கல்ல. இது மணி பிடிக்காது.” தூரத்தில் ஷெல் ஒன்று விழ, மேசையிலுள்ள போத்தல்கள் கிணுங்கி ஓய்கின்றன. போன கிழமை பக்கத்து வயலில் யானைக் காவலுக்கு மூட்டிய நெருப்பைப் பார்த்துத்தான் காவலிருந்தவனைச் சுட்டார்கள். புஸ்பம் ஈரச் சீலையைப் பிழிந்து, உதறி, மெதுவாக மடிக்கிறாள். “அப்ப இவர் இனிக் காவலுக்குப் போகத் தேவல்ல, என்ன டீச்சர்?” சுவரோர வாங்குப் பலகையில், காவல் முடிந்து வயலிலிருந்து நேரே வந்த அவள் புருசன் அழகரத்தினம் வாயைத் திறந்தபடி உறங்குகிறான். அவள் எழுப்பவில்லை.