இலையாய்த் தேய்ந்த சோப்பு

ஆலிவ் எண்ணெயும் லாரல் பழ எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, ஒரே பாளத்தில் வெட்டியெடுத்த சோப்புகள் இரண்டு. காற்றோட்டமான கொட்டகையில் ஒட்டி உட்கார்ந்து காய்ந்தவை. வெட்டும்போது பச்சையாக இருந்தவை, காயக் காயப் பழுப்பேறி, ஒரே பெட்டியில் ஒரு வீட்டுக்கு வந்தன.

வீட்டுக்காரி ஒன்றைக் குளியலறையில் வைத்தாள். மற்றதை வாசனைக்காக பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே செருகினாள்.

பீரோ சோப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கொட்டகைக் காற்றையும் தன் பழைய பச்சையையும் சொல்லிச் சொல்லிப் புடவைகளிடம் புலம்பும். கேட்டுக் கேட்டு அவற்றுக்கு அலுத்துவிட்டது.

குளியலறை சோப்பு தேய்ந்து இலை மாதிரி ஆனபோது, வீட்டுக்காரி பீரோ சோப்பை எடுத்துவந்து லேசாக நனைத்து, அந்தத் துண்டை அதன் முதுகில் அழுத்தி ஒட்டினாள்.

"பாவம்டா தம்பி, உன்னை இப்படிக் கரைச்சுட்டாங்களே," என்றது பீரோ சோப்பு. "நாம எவ்வளவு பச்சையா இருந்தோம், ஞாபகம் இருக்கா?"

"கண்ணாடியில என்னைப் பாருண்ணே."

பார்த்தது. முதுகில் இருந்த துண்டு, வெட்டிய அன்றிருந்த அதே பச்சையில் மின்னியது.

"இது எங்கடா கிடைச்சது உனக்கு?"

"எங்கேயும் போகல. உள்ளேயேதான் இருந்துச்சு."

அதிலிருந்து பீரோ சோப்பு, வீட்டுக்காரி எப்போது கை கழுவ வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.