ஒரு தாழ்ப்பாளும் பதினாலு பேரும்

ஒரே ஒரு தாழ்ப்பாளுக்காக மூன்று மணி நேரமாகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

கேட்டவள் கெசியா. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கம் சோளக்காட்டுக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பெரிய விடுதியில் ஆயிரத்தில் ஒருத்தியாகக் கிடக்க வேண்டாம் என்று இந்த மாணவர் கூட்டு வீட்டில் இடம் பிடித்திருந்தாள். ஆணும் பெண்ணுமாகப் பதினாலு பேர். வார்டன் கிடையாது. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, வீடு கூட்டுவது எல்லாம் முறை வைத்து. சாப்பாடு ஒரே நீள மேஜையில். ஏழு பேரோடு பிறந்தவளுக்கு அந்த மேஜையைப் பார்த்ததுமே மனசு நிறைந்துபோனது.

மாடிக் குளியலறையைப் பார்த்ததும் நிறைந்ததெல்லாம் வடிந்துவிட்டது.

எல்லோருக்கும் பொது. கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. அது கொள்கை.

"ஒண்ணே ஒண்ணுதான். நானே வாங்கிட்டு வந்துட்டேன். நாலு திருகாணி, நானே முடுக்கிடுவேன்" என்று பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள் கெசியா.

வெடிகுண்டைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூனிப்பர் மரக்கரண்டியைக் கேட்டு வாங்கினாள். கரண்டி யார் கையிலோ, அவருக்குத்தான் பேச்சு. நாலாம் வருஷக்காரி. பெற்றவர்கள் வைத்த பேர் ஜெனிஃபர். இந்த வீட்டுக்கு வந்த வாரமே மரத்தின் பேரை வைத்துக்கொண்டாள்.

"கெசியா, செல்லம், உன்மேல கோபமே இல்ல. பாவம், உன்னை வளர்த்த விதம் அப்படி. ஆனா யோசிச்சுப் பாரு. தாழ்ப்பாள்னா என்ன? இரும்புல செஞ்ச அவநம்பிக்கை."

சுற்றிலும் கைகள் உயர்ந்து விரல்கள் ஆடின. கைதட்டினால் கூச்சப்படுகிறவர்கள் மிரண்டுவிடுவார்களாம். அதனால் ஆமோதிப்பதற்கு விரலாட்டம்.

"எனக்கு யார்மேலயும் அவநம்பிக்கை இல்ல" என்றாள் கெசியா. "நேத்து தலைக்குச் சோப்புப் போட்டுட்டு நிக்கிறேன். சைலஸ் உள்ள வந்து பல்லு தேய்ச்சுக்கிட்டே, பூமி சூடாகறதைப் பத்திப் பேசறான்."

"முக்கியமான விஷயம்தானே?" என்றான் சைலஸ்.

"கரண்டி! கரண்டி!"

கரண்டி கைமாறியது.

"முக்கியமான விஷயம்தானே?"

"திரைக்கு இந்தப் பக்கம் நான் துணியில்லாம நிக்கிறேன்டா!"

"உடம்புங்கறது வெறும் சட்டை கெசியா. நான் அதை எல்லாம் தாண்டி ரொம்ப நாளாச்சு."

"உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது எட்டு ஞானப்பாட்டு. எட்டும் தீர்ந்துபோச்சு."

"அதையும் ஒரு நாள் பேசணும்" என்றது மூலையில் ஒரு குரல். "காலங்காத்தால மதப் பாட்டு."

கடைசியில் முடிவெடுக்கும் கட்டம் வந்தது. பெரும்பான்மை என்பதெல்லாம் அங்கே செல்லாது. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் மார்பில் கையைக் குறுக்கே வைத்துவிட்டால் தீர்மானம் செத்தது.

ஜூனிப்பர் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகக் கையைக் குறுக்கே வைத்தாள்.

"வலிக்குது. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. இன்னிக்குக் குளியலறைக்கு, நாளைக்கு ஃபிரிட்ஜுக்கு, நாளன்னிக்கு இதயத்துக்கே தாழ்ப்பாள் கேப்போம்."

விரல்கள் ஆடின. ஒருத்தி அழுதேவிட்டாள். அப்புறம் பதிமூன்று பேரும் வரிசையாக வந்து கெசியாவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

அவள் தோட்டத்துப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில வண்டியை எடுத்துட்டு வாங்க. நான் வந்துடறேன்."

"என்னம்மா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா. எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அதான் தாங்கல."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் பெட்டி கட்டியாகிவிட்டது. அப்பா வரப் பத்து ஆகும். போகிற அன்றைக்காவது பாட்டில்லாமல் ஒரு குளியல் போடலாமே என்று தோன்றியது அவளுக்கு. பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் தனித்தனிக் குளியல் அறைகள் இருப்பதாக யாரோ வகுப்பில் சொன்ன ஞாபகம். துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். பதினைந்து நிமிஷ நடை.

குளத்து வாசலில் ஈரத் தலையோடு சைலஸ் வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்துச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தான். ரொம்ப ஊன்றிப் படித்தான்.

பெண்கள் பக்கம் போனாள். ஐந்து குளியல் அறைகள். ஐந்தும் சாத்தியிருந்தன. வெளியே வரிசை. சோப்புப் பெட்டியும் துண்டுமாக நின்ற நாலு பேரும் அந்தக் கூட்டு வீட்டுப் பெண்கள். நேற்று அழுதவள்தான் முதலில் நின்றாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசி அறையில் 'டக்'கென்று தாழ்ப்பாள் விலகியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் பளபளக்க, வெளியே வந்தாள் ஜூனிப்பர்.

"நீ எங்கடி இங்க?"

"ஊருக்குக் கிளம்பறேன். அப்பா வந்துட்டு இருக்கார்."

"எதுக்கு? நேத்து விஷயத்துக்கா?" ஜூனிப்பர் நிஜமாகவே பதறிப்போனாள். கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பொண்ணுடி நீ! ஒரு தாழ்ப்பாளுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? அப்பாவைத் திரும்பிப் போகச் சொல்லு. நாளையிலேர்ந்து ஏழு மணிக்கே இங்க வந்துடு, வரிசை இருக்காது. மூணாவது அறைக்கு மட்டும் போயிடாத... அதுல தாழ்ப்பாள் சரியா விழாது!"