சட்டை மாற்றிய மொழி

ஜன்னலோரம் துறைத்தலைவர், நடுவே கணினியின் முன் மூத்த ஆசிரியர், அவர் பக்கத்தில் புதிய கணினி மொழியொன்றை உருவாக்கியவள், கதவருகே அவளுடைய தோழி. முதலாண்டு மாணவர்களுக்கு அந்த மொழியைப் பாடமாக வைப்பதா என்று இன்று முடிவாக வேண்டும். போன வருடம் கையேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, பழகாத நடை, கண்ணைக் கட்டுகிறது என்று ஆசிரியர் தள்ளிவிட்டார். இன்று முழுக்கையை மடித்துவிட்டுத் தட்டச்சு செய்கிறார். கையேடு மூடியே கிடக்கிறது. சாய்ந்த வெயில் விசைகளின்மேல் விழ, அவர் விரல்கள் அவரைக் கேட்காமலே பழகிய இடத்தில் அடைப்புக்குறியைத் திறந்து, பழகிய இடத்தில் மூடுகின்றன. திரையில் சரியான விடை வந்து நிற்கிறது. “இது வேற மொழியாம்மா?” என்று கேட்கிறார் ஆசிரியர். “அதேதான் சார். உள்ளே ஒண்ணும் மாத்தல. எழுதற விதத்தை மட்டும் உங்க கைக்குப் பழகின மாதிரி ஆக்கினேன்.” துறைத்தலைவர் சிரிக்கிறார். “அப்போ போன வருஷம் சட்டையைப் பாத்துத்தான் திருப்பி அனுப்பினீங்களா?” “தெரியாத சட்டையில வந்தா யாரு சார் கதவைத் திறப்பா?” என்கிறார் ஆசிரியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். யாரும் சொல்லாமலே அடுத்த நிரலைத் தொடங்குகிறார். தோழி அருகே வந்து அவள் தோளை இடிக்கிறாள். “ஏண்டி, சார் எழுந்திரிக்கவே மாட்டாரு போல.” மகிழ்ச்சியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். ஆசிரியர் அதை வாங்கி உறையிலிட்டு, ஓரத்தை விரலால் நீவி ஒட்டி, முதல்வர் அறைக்குத் தாமே எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.