புத்தரின் கழுத்து

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அந்த ஆள் இன்றைக்கும் புத்தரை முறைத்துக்கொண்டு நின்றான்.

கல்லூரி வாட்ச்மேன் மலைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. நேராக வரலாற்றுத் துறைக்குப் போய்ப் பேராசிரியர் ஞானதாஸிடம் சொன்னார்.

“சார், வெள்ளையடிக்க வந்திருக்கான்ல, சிலோன்காரன் துரைராசா, நாலு நாளா அந்த ரூம் ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குறான். இவங்க வீட்டை எரிச்சு வெரட்டுனவங்க புத்தரைக் கும்புடுறவங்கதான? மனசுல என்னமோ வச்சிருக்கான் சார்.”

“அட போங்க மலைச்சாமி. பாவம், அகதி முகாம்ல கெடக்குற மனுசன்” என்று ஞானதாஸ் சிரித்தார்.

அவர் சந்தோஷத்தில் இருந்தார். கன்னிவாடிப் பக்கம் கிணறு வெட்டும்போது, தலை வேறு உடல் வேறாகக் கிடைத்த கல் புத்தர் அது. தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து, தற்காலிகமாகக் கல்லூரியில் வைக்க அனுமதி வாங்கியிருந்தார். திங்கட்கிழமை மெட்ராஸ் மியூசியத்திலிருந்து சிற்ப நிபுணர் டாக்டர் கௌசல்யா பார்க்க வருகிறார். அவர் சரி என்று சொன்னால் புத்தர் திண்டுக்கல்லிலேயே இருப்பார். கல்லூரிக்கு ஒரு சின்ன மியூசியமே கிடைக்கும். இல்லையென்றால் மெட்ராஸுக்கு லாரி ஏறிவிடுவார்.

அன்று சாயங்காலம் ஞானதாஸ் அந்த அறையைப் பூட்டும்போது துரைராசாவே பக்கத்தில் வந்தான். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை சுண்ணாம்பு.

“ஐயா, கழுத்துக்குச் சீமெந்து வைக்கச் சொன்னது ஆர்?”

“நான்தான். போன மாசம் நம்ம நாச்சிமுத்துக் கொத்தனார வச்சு, உள்ள கம்பி குடுத்து ஒட்டுனது. யானை முட்டுனாலும் அசையாது!”

துரைராசா கழுத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு வெள்ளையடிக்கும் முறை. ஞானதாஸ் முதல் நாளே சாவியை மேஸ்திரியிடம் கொடுத்திருந்தார். அதனால் காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டெலிபோன் அலறியது.

“சார், ஓடியாங்க! புத்தர் தலைய எடுத்துட்டான் சார்!”

ஞானதாஸ் டிவிஎஸ் ஃபிப்டியில் பறந்து போய்ச் சேர்ந்தபோது, மலைச்சாமி துரைராசாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். உள்ளே சுவரில் ஒரு கை சுண்ணாம்புகூட ஏறவில்லை. தரையெல்லாம் சிமெண்ட் தூள். சாக்கு மேல் புத்தரின் தலை தனியாக இருந்தது, பக்கத்தில் ஓர் உளி.

“நேத்து வெள்ளையடிக்க நான் ஒருத்தனே போதும்னு மத்தவங்கள அனுப்பிட்டானாம் சார். ராத்திரி பூராக் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்திருக்கான்” என்றார் மலைச்சாமி.

“படுபாவி! இதுக்காக ஒரு வருசம் அலைஞ்சிருக்கேன்யா!” ஞானதாஸ் கத்தினார். “இன்னும் ரெண்டு மணி நேரத்துல அந்தம்மா வந்துருவாங்க. ஊர்ல பட்ட கோவத்தத் தீத்துக்க ஒனக்கு என் புத்தர்தான் கெடைச்சாரா?”

“ஐயா, நான் சொல்லுறதை ஒருக்கா...”

“பேசாத! மலைச்சாமி, ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க.”

ஸ்டேஷன் என்றதும் துரைராசாவின் முகம் வெளுத்தது. கேஸ் என்று ஒன்று வந்தால் முகாமில் இருக்க விடமாட்டார்கள். அங்கே அவன் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போதும் அவன் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

“தலையைத் தூக்காதேங்கோ ஐயா. அப்பிடியே சாக்கில இருக்கட்டும்.”

மலைச்சாமி போன் போட்டுவிட்டு வந்து மறுபடி அவன் காலரைப் பிடித்துக்கொண்டார். போலீசுக்கு முன்னால், சொன்ன நேரத்துக்கும் முன்பே, டாக்டர் கௌசல்யாவின் கார் வந்துவிட்டது. ஞானதாஸ் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிருங்க மேடம். கொஞ்சம் அசந்துட்டோம். சிலைய ஒடச்சுட்டான்.”

கௌசல்யா பதில் சொல்லாமல் உள்ளே போனார். தரையில் முட்டி போட்டு, லென்ஸை எடுத்துக் கழுத்தையும் தலையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு சிமெண்ட் தூளுக்குள் கிடந்த, துரு ஏறிய கம்பித் துண்டைக் கையில் எடுத்தார்.

“சார், நீங்க அனுப்பின போட்டோவுல இந்தச் சிமெண்ட்டைப் பாத்ததுமே லாரிக்குச் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு ஊதினா, கொஞ்ச வருஷத்துல கல்லே வெடிச்சிரும். பாதுகாக்கத் தெரியாத இடத்துல எப்படி விடுறது?”

கௌசல்யா கம்பித் துண்டை ஞானதாஸின் கையில் வைத்தார்.

“ஆனா இப்ப சிமெண்ட்டும் இல்ல, கம்பியும் இல்ல. கல்லுல ஒரு கீறல்கூட இல்ல! எங்க ஆளுங்களுக்கே இதுக்கு ஒரு வாரம் ஆகும். இந்த மாதிரி கை இங்க இருந்தா, சிலையும் இங்கயே இருக்கட்டும். யார் செஞ்சது?”

மலைச்சாமியின் பிடி தானாகத் தளர்ந்தது.

ஞானதாஸ் மெல்லத் துரைராசாவின் அருகில் போனார். விடிய விடிய உளி பிடித்த விரல்கள் வீங்கிப்போயிருந்தன.

“மன்னிச்சிருங்கய்யா. நான் கேக்கவே இல்ல. ஊர்ல நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

துரைராசா சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அநுராதபுரத்தில இதுதான் ஐயா என்ர உத்தியோகம். வீட்டை எரிக்க வந்த அண்டைக்கு, ஒரு புத்தர் தலையைப் பாதியில விட்டிட்டு ஓடி வந்தனான்.”